நில, கட்டட வேல்யூவர் ஆவது எப்படி: திருச்சியில் நான் கற்றுக்கொண்டது

பத்திரத்தில் ‘46ஆம் நம்பர் மனைக்குக் கிழக்கு, 20 அடி ரோட்டுக்குத் தெற்கு’ என்று எல்லை எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ரோடு மனைக்கு எந்தப் பக்கம்? வடக்கே. ரோட்டுக்குத் தெற்கே கிடப்பது மனை, அதனால் ரோடு மனைக்கு வடக்கு. நம் ஊர்ப் பத்திரங்களில் பல இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். நான் சிவில் முடித்து, நாலு வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட்டில் நின்றுவிட்டு, 2008-ல் திருச்சியில், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மதிப்புப் போட்டு வங்கிகளுக்கு அறிக்கை தரும் ஒரு சீனியர் வேல்யூவரிடம் சேர்ந்தபோது இது எனக்குத் தெரியாது. கல்லூரியில் யாரும் பத்திரம் படிக்கக் கற்றுத்தரவில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம் துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்குத் தனியாகப் போனேன். வீடு கட்டக் கடன் கேட்டிருந்தவருடைய மச்சான் வந்து மனையைக் காட்டினார். கிழக்கு மேற்காக ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மனைகள். அவர் காட்டியது வடக்கு வரிசையில், மேடான, சமமான இடம். ‘ரோட்டுக்குத் தெற்கு’ என்பதைத் ‘தெற்கே ரோடு’ என்று நான் படித்துக்கொண்டேன். அதற்கு அந்த மனை சரியாகப் பொருந்தியது. அளந்தேன், போட்டோ எடுத்தேன், வந்துவிட்டேன்.

அன்று இரவு சீனியர் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எத்தனை மணிக்கும்மா எடுத்தே?” நாலரை என்றேன். “சாயங்கால நிழல் கிழக்கால விழும். உன் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கு? ரோடு எந்தப் பக்கம் இருக்கு? பாரு.” பார்த்தேன். பத்திரப்படி வடக்கே இருக்க வேண்டிய ரோடு மனைக்குத் தெற்கே இருந்தது. மறுநாள் காலையில் லேஅவுட் வரைபடத்தோடு இருவரும் போனோம். மனைப்பிரிவின் மூலைக் கல்லிலிருந்து டேப் பிடித்து ஒவ்வொரு மனையாக எண்ணிக்கொண்டு வந்தால், உண்மையான மனை எதிர் வரிசையில், ஓடையை ஒட்டி, ரோட்டு மட்டத்துக்கு நாலடி பள்ளத்தில் கிடந்தது. அதன் எல்லைக்கல் கருவேலம் புதருக்குள் இருந்தது. மண் அடித்து மேடாக்காமல் அங்கே அஸ்திவாரம் போட முடியாது.

வேல்யூவர் ஆக என்ன படிக்க வேண்டும், எங்கே பதிய வேண்டும் என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். விலை போடுவது இந்த வேலையின் பின்பாதி. காகிதத்தில் இருக்கும் இடத்தில்தான் நாம் நிற்கிறோமா என்று உறுதிசெய்வது முன்பாதி. அது தவறினால் பின்னால் போடும் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

யார் ஆகலாம்

இந்தியாவில் நில, கட்டட வேல்யூவருக்கு இரண்டு பதிவுகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

புதியது கம்பெனிகள் சட்டம் 2013-இன் 247ஆம் பிரிவின் கீழ் வருவது. அதற்கான விதிகள் 2017 அக்டோபர் 18 அன்று வெளியாயின. பதிவு கொடுக்கும் அமைப்பு ஐபிபிஐ, அதாவது இந்தியத் திவால் வாரியம். திவால் வாரியத்துக்கும் வீட்டு மதிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கம்பெனி ஒன்று திவால் நடைமுறைக்குள் போனால் அதன் சொத்தை இரண்டு பதிவுபெற்ற வேல்யூவர்கள் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். அதனால் அந்த அமைப்பிடமே இந்தப் பொறுப்பும் போனது. சொத்து வகை மூன்று: நிலமும் கட்டடமும், ஆலை இயந்திரங்கள், பங்கு போன்ற நிதிச் சொத்துகள். நமக்கு வேண்டியது முதல் வகை.

இதற்குச் சிவில் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு 5 வருஷ அனுபவம் வேண்டும். முதுநிலைப் பட்டம் என்றால் அதன்பின் 3 வருஷம் போதும். நில, கட்டட மதிப்பீட்டிலேயே இரண்டு வருஷ முழுநேர முதுநிலைப் படிப்பு முடித்தவர்களுக்கும் இந்த 3 வருஷக் கணக்குதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேட்கும் அனுபவம் நீங்கள் படித்த துறையில் பெற்ற அனுபவம். வேல்யூவரிடம்தான் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை, சைட் இன்ஜினியராக இருந்த வருஷங்களும் கணக்கில் வரும். அனுபவச் சான்றிதழை வேலையை விட்டு வரும்போதே லெட்டர்ஹெட்டில், தேதியோடு வாங்கி வைத்துவிடுங்கள். என் பழைய காண்ட்ராக்டர் அலுவலகத்தை மூடிவிட்டு ஊர்ப் பக்கம் போன பிறகு, நான் அவரைத் தேடிக்கொண்டு முசிறி வரைக்கும் மூன்று நடை போனேன். டிப்ளமோ மட்டும் முடித்தவர்களுக்கு இந்தப் பதிவு கிடைக்காது. அதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

தகுதி இருந்தால் முதலில் ஓர் ஆர்.வி.ஓ.வில் உறுப்பினராக வேண்டும். ஐபிபிஐ அங்கீகரித்த வேல்யூவர் அமைப்புகளை அப்படித்தான் சொல்கிறோம். அங்கே 50 மணி நேர வகுப்பு. பிறகு தேர்வு: கணினியில், இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான், ஆனால் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிப்பார்கள். நான் 2018-ல் முதல் முறை எழுதியபோது அத்தனை கேள்விக்கும் விடை போட்டேன், 54 வந்தது. இரண்டாம் முறை சந்தேகமான கேள்விகளைத் தொடாமல் விட்டேன், தேறிவிட்டேன். சிவில் படித்தவர்களுக்குக் கட்டடக் கணக்கு சிரமம் தராது. சறுக்குவது சட்டத்திலும் பொருளாதாரத்திலும்தான். சொத்து மாற்றச் சட்டம், பதிவுச் சட்டம், வாடகைச் சட்டம், நில எடுப்புச் சட்டம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா இவற்றை மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் உதாரணம் ஒன்றை வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் வரும் கேஸ் கேள்விகளில் ஒரே கணக்குக்குப் பல கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு நேரம் மிச்சம் வையுங்கள்.

தேறி மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.வி.ஓ. பரிந்துரையோடு படிவம் ‘ஏ’, தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், அது திரும்ப வராது. பதிவெண் வந்துவிட்டால் வேலை தானாக வரும் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது, பழைய பதிவு. செல்வ வரிச் சட்டம் 1957-இன் 34ஏபி பிரிவின் கீழ் வருமான வரித்துறை தருவது. செல்வ வரியே 2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் அந்தப் பிரிவின் கீழ் பதிந்த வேல்யூவரின் தேவை அதோடு போய்விடவில்லை. வீட்டை விற்று மூலதன ஆதாய வரி கட்டுபவர்கள் தேடி வருவது இந்தப் பதிவு உள்ளவரைத்தான். இதற்குச் சுமார் 10 வருஷத் தொழில் அனுபவம் காட்ட வேண்டியிருக்கும், அதனால் இளையவர்கள் ஐபிபிஐயில் தொடங்கி இதற்குப் பிறகு வருவதே வழக்கம். வங்கிகள் தங்கள் பேனலில், அதாவது தாங்கள் வேலை கொடுக்கும் வேல்யூவர் பட்டியலில், சேர்க்கும்போது இதைக் கேட்குமா அதைக் கேட்குமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். சேர விரும்பும் வங்கியின் விதியை வாங்கிப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பதிவு வாங்குவதற்கு முன்போ பின்போ, குறைந்தது இரண்டு வருஷம் ஒரு நல்ல சீனியரோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போங்கள். வகுப்பில் 50 மணி நேரத்தில் சொல்வதை அவர் ஒரு வாய்க்கால் கரையில் நின்று அரை மணியில் காட்டிவிடுவார்.

சைட்டுக்குப் போகும் முன் மேசையில்

காலையில் வங்கிக் கிளையிலிருந்து ஃபைல் வரும். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும், எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படம், அங்கீகார வரைபடம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. பட்டாவும் புலப்படமும் இப்போது இணையத்திலேயே கிடைப்பதால், பார்ட்டி, அதாவது கடன் கேட்பவர், கொடுத்த ஜெராக்ஸை நம்பாமல் நானே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவேன். உரிமை யாருடையது, வாரிசு விட்டுப்போயிருக்கிறதா என்பது வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியனில் வரும் விஷயம். நாம் அதற்குக் கையெழுத்துப் போடுவதில்லை, ஆனால் கண்ணில் பட்டதை எழுதாமல் விடக் கூடாது.

முதல் வேலை பரப்பளவு. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், அங்கீகார வரைபடத்தில் சதுர மீட்டர், பார்ட்டி வாயில் சதுர அடி அல்லது கிரவுண்ட். பட்டாவில் ‘0 - 4.05’ என்று இருக்கிறது என்றால் 4.05 ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஆக 405 சதுர மீட்டர். சதுர அடியில் 4,359. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் பத்து சென்ட். பத்திரத்திலும் பத்து சென்ட் இருந்தால் நிம்மதி. பத்திரத்தில் பதினொன்று, பட்டாவில் பத்து, தரையில் அளந்தால் ஒன்பதரை என்றால்? மூன்றில் எது குறைவோ அதற்கு மதிப்புப் போட்டு, மூன்றையும் அறிக்கையில் காட்டுவேன். கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. குழி, மா கணக்கு வந்தால் அந்த ஊரில் ஒரு குழி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பெருக்குவேன், ஏனென்றால் அது ஊருக்கு ஊர் மாறும்.

அடுத்தது அங்கீகாரம். நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அல்லது உள்ளூர் திட்டக் குழும அனுமதி உள்ள மனைப்பிரிவா? இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனையா? அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த விதிகளில் அந்தத் தேதிதான் கோடு. வரன்முறை ஆணை வாங்கிய மனைக்கும் வாங்காத மனைக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே விலை வேறு.

ஸ்ரீரங்கத்தில் வேலை என்றால் இன்னொரு கேள்வி சேரும்: அடிமனை யாருடையது? வீடு தலைமுறை தலைமுறையாக அவர்களுடையதாக இருக்கும், கீழே உள்ள மண் கோவிலுடையது என்று வழக்கு இருக்கும். அங்கே பக்கத்துத் தெரு மனை விலையை எடுத்து அப்படியே பெருக்கினால் அறிக்கை தவறு.

சைட்டில்

பையில் 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், திசைகாட்டி, நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், வயலுக்கு ஒரு ஜோடி பழைய ஷூ. லேசர் மீட்டர் அறைக்குள் அருமையாக வேலை செய்யும், வெயிலில் புள்ளி தெரியாது. வெளி அளவுக்கு டேப்தான். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், பார்ட்டியையே பிடிக்கச் சொல்லக் கூடாது. அவர் பிடிக்கும் முனை எல்லைக்கல்லைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

போனவுடன் உள்ளே கூப்பிட்டு காபி கொடுப்பார்கள். அளந்து முடித்த பிறகு குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, முதலில் வெளியே ஒரு சுற்றுச் சுற்றுவேன். நாலு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் “இது யார் இடம்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்பேன். அவர் சொல்லும் பெயர் ஃபைலில் உள்ள பெயராக இருக்க வேண்டும். மின் மீட்டரில் உள்ள இணைப்பு எண்ணை ரசீதோடு ஒத்துப்பார்ப்பேன். பிறகு உள்ளே. தளம் தளமாக வெளி அளவு, அறை அளவு, கூரை ஆர்.சி.சி. கான்கிரீட்டா ஓடா ஷீட்டா, சுவரில் விரிசல் சாய்வாக ஓடுகிறதா, குளியலறைக்குக் கீழே ஈரம் ஏறியிருக்கிறதா, கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறதா. கட்டி எத்தனை வருஷம் என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். பழைய வீட்டு வரி ரசீது உண்மையைச் சொல்லும். தரை மொசைக்காக இருந்தால் அதுவே பாதி வயதைச் சொல்லிவிடும். அங்கீகார வரைபடத்தில் ஒரு தளம், நேரில் இரண்டு தளம் என்பது நம் ஊரில் தினமும் பார்ப்பது. அனுமதி இல்லாத தளத்தைத் தனியாகக் காட்டி, வங்கி விதிப்படி சேர்க்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். கூட்டித் தொகைக்குள் ஒளித்துவிடக் கூடாது.

அடுக்குமாடி வீடு என்றால் பில்டர் சொல்லும் சதுர அடியில் படிக்கட்டும் லிஃப்ட்டும் சேர்ந்திருக்கும். கதவுக்கு உள்ளே அளந்தது எவ்வளவு, பத்திரத்தில் நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு என்பதை இரண்டு வரியாகப் போடுங்கள். பழைய கட்டடத்தில் மதிப்பின் பெரும்பகுதி அந்தப் பாகத்தில்தான் இருக்கும்.

விவசாய நிலத்தில் கேள்விகள் வேறு. நஞ்சையா புஞ்சையா, கிணற்றில் வைகாசியில் தண்ணீர் நிற்குமா, மோட்டாருக்கு மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை பத்திரத்தில் இருக்கிறதா அல்லது பக்கத்துக்காரர் தயவில் போகிறோமா. பாதை எழுத்தில் இல்லாத வயலுக்கு, எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், பாதை உள்ள வயலின் விலையைப் போட மாட்டேன்.

விலைக்கு வருவது

மூன்று வழிகள்தான் உலகம் முழுவதும். பக்கத்தில் இதுபோன்ற சொத்து என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிடுவது, வாடகை வருமானத்திலிருந்து மதிப்பைக் கணக்கிடுவது, நில விலையோடு கட்டடத்தின் இன்றைய செலவைச் சேர்த்துத் தேய்மானத்தைக் கழிப்பது. தனி வீட்டுக்கு நாங்கள் பெரும்பாலும் செய்வது மூன்றாவது, ஆனால் அதிலும் நில விலை முதல் வழியில்தான் வருகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2,400 சதுர அடி மனை, அதில் 1,100 சதுர அடி ஆர்.சி.சி. வீடு, வயது 20. ஒப்பிட்டுப் பார்த்ததில் நிலம் சதுர அடி 1,800 ரூபாய்க்கு வருகிறது என்று வையுங்கள்: 43,20,000. இதே வீட்டை இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,000 என்றால் 22,00,000. ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சும் பழைய பொருள் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால், தேய்மானம் 20-ஐ 60-ஆல் வகுத்து 90 சதவீதத்தால் பெருக்குவது, அதாவது 30 சதவீதம். 6,60,000 கழிந்து 15,40,000. மொத்தம் 58,60,000. இதைப் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும். அந்த 1,800 எங்கிருந்து வந்தது என்பதில்தான் நம் தொழில் இருக்கிறது.

பத்திர அலுவலகத்தில் பதிவான விலையை எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பல பத்திரங்கள் அரசு வழிகாட்டி மதிப்பையே எழுதியிருக்கும், கை மாறிய பணம் வேறாக இருக்கும். வழிகாட்டி மதிப்பு அரசு முத்திரைத்தாள் வரிக்காக வைத்திருக்கும் அளவு. 2017 ஜூனில் தமிழக அரசு அதை ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தது. அன்று காலையில் தில்லை நகரில் எந்த வீட்டின் விலையும் 33 சதவீதம் விழவில்லை. 2024 ஜூலையில் மீண்டும் மாற்றினார்கள், அப்போதும் சந்தை தன் போக்கில்தான் போனது. அறிக்கையில் வழிகாட்டி மதிப்பைத் தனி வரியாகக் காட்ட வேண்டும், அதையே சந்தை மதிப்பு என்று எழுதக் கூடாது.

நான் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தெரு, எந்த மாதம், எத்தனை அடி ரோடு, எந்தத் திசை பார்த்த மனை, என்ன விலை, யார் சொன்னது. புரோக்கர் சொல்வது கேட்கும் விலை, வாங்கியவர் சொல்வது கொடுத்த விலை. டீக்கடைக்காரர் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும், பல நேரம் அதுதான் சரியாக இருக்கும். குறைந்தது மூன்று பேரிடம் கேட்டு, பதினான்கு மாதத்துக்கு முந்தைய விற்பனை என்றால் அதற்கு ஒரு திருத்தம், 30 அடி ரோட்டு மனையை 20 அடி ரோட்டு மனையோடு ஒப்பிட்டால் அதற்கு ஒரு திருத்தம், முகப்பு குறுகி நீளம் அதிகமானால் அதற்கு ஒன்று என்று போட்டு வருவேன். எதற்காக எவ்வளவு கழித்தேன் என்று தனித்தாளில் எழுதி ஃபைலில் வைப்பேன். ஐபிபிஐ விதிப்படி ஒவ்வொரு வேலையின் பதிவேடுகளையும் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் எதையும் தூக்கிப் போட்டதில்லை.

பின்னோக்கிப் போடும் மதிப்பும் உண்டு, அதில் எனக்குத் தனி விருப்பம். 2001-க்கு முன் அப்பா வாங்கிய வீட்டைப் பிள்ளைகள் இன்று விற்கும்போது, வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தருகிறது. 2017 வரை அந்தத் தேதி 1981 ஏப்ரல் 1-ஆக இருந்தது. 2020-லிருந்து, அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைத்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் 2001-இன் வழிகாட்டிப் பதிவை எடுக்க வேண்டும், அந்த ஆண்டின் பத்திரங்களை வில்லங்கம் போட்டுத் தேட வேண்டும், அப்போது ரோடு எத்தனை அடி, பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று தெருவில் வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். இன்றைய விலையை ஏதோ ஒரு விகிதத்தில் வகுத்து 2001 என்று எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். வரித்துறையிலிருந்து கேள்வி வந்தால் நிற்பது விற்றவர்தான்.

கூட்டிப் போடச் சொல்வார்கள்

அது முதல் மாதத்திலேயே வரும். “மேடம், எல்லாம் பேசியாச்சு, ஒரு பத்து லட்சம் மட்டும் கூடப் போட்டா லோன் சாங்ஷன் ஆயிடும்.” சொல்பவர் பார்ட்டியாக இருக்கலாம், புரோக்கராக இருக்கலாம், ஃபைலை அனுப்பியவராகவே இருக்கலாம். 2017 விதிகளோடு உள்ள நடத்தை நெறியில், வாடிக்கையாளருக்கு வசதியாக மதிப்புப் போட்டுத் தரக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கூலி பேசுவதற்கும் தடை. அறிக்கையின் கடைசியில் நாம் எழுதும் வரம்புகளும் நிபந்தனைகளும், வேலையில் நமக்கு இருந்த தடைகளை விளக்கத்தான். பொறுப்பிலிருந்து நழுவ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

ஆனால் எனக்கு அந்த விதிகளைவிட லால்குடி பக்கம் பார்த்த ஒரு வீடுதான் மனதில் நிற்கிறது. கடன் வராக்கடனாகி, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி ஏலத்துக்குப் போகும் முன் மதிப்புப் போட என்னை அனுப்பினார்கள். முன்பக்கம் மாவு மில், பின்னால் வீடு. கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்த அம்மா மில்லை ஓட்டிக்கொண்டே, “அளந்துக்கங்கம்மா” என்றார். முன்பு கடன் கொடுத்தபோது வேறொருவர் தந்த அறிக்கை என் கையில் இருந்தது: 1,450 சதுர அடி, முழுவதும் ஆர்.சி.சி. நான் அளந்தேன். ஆர்.சி.சி. 910, மீதி 540 மில் நின்ற ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. திரும்பவும் அளந்தேன். அதே 910. கொட்டகையைக் கான்கிரீட் வீடு என்று எழுதியதால் மதிப்பு ஏறி, மதிப்பு ஏறியதால் கடன் ஏறி, அந்த மில் சம்பாதித்து அடைக்க முடியாத தவணையில் அந்தக் குடும்பம் மாட்டியிருந்தது. ஏலத்தில் அந்த வீடு உண்மை விலைக்குத்தான் போகும். வீடும் போய், கடனிலும் பாக்கி நிற்கும். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: “நீங்களாவது கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா.” 910-ஐத்தான் எழுதினேன். அன்று அவருக்கு உதவ என்னிடம் எதுவும் இல்லை. முதல் அறிக்கை எழுதியவரிடம் இருந்தது.

மறுத்ததால் எனக்கு ஒரு பேனல் போயிருக்கிறது. எட்டு மாதம் அந்தக் கிளையிலிருந்து ஒரு ஃபைலும் வரவில்லை. அதனால்தான் ஒரே வங்கியை நம்பி இருக்காதீர்கள் என்கிறேன். இரண்டு மூன்று வங்கிகள், ஒரு வீட்டுக்கடன் நிறுவனம், வரிக்காக வருபவர்கள், பாகப்பிரிவினைக்காக வரும் அண்ணன் தம்பிகள் என்று வேலை பல பக்கத்திலிருந்து வந்தால் யாருக்கும் பயப்பட வேண்டாம். வீட்டுக்கடன் ஃபைல் ஒன்றுக்கு வங்கி தருவது சில ஆயிரங்கள், அதுவும் மாதம் கழித்துத்தான் வரும். பெட்ரோலும் ஜெராக்ஸும் உங்கள் கையிலிருந்து முன்னால் போகும். முதல் இரண்டு வருஷம் கட்டட வரைபடம், எஸ்டிமேட் போன்ற சிவில் வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் எஸ்டிமேட் போட்டுக்கொடுத்த வீட்டுக்கு மதிப்பறிக்கை கேட்டு வந்தால், வேறு வேல்யூவரிடம் அனுப்பிவிடுங்கள்.

பெண்கள் இதற்கு வரலாமா என்று சில தங்கைகள் கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஊருக்கு வெளியே உள்ள மனைக்கும் தனியாகப் போகாதீர்கள், உதவியாளரோடு பகலில் போங்கள். வீட்டுக்குள் அளக்கும்போது சமையலறை வரைக்கும் தயக்கமில்லாமல் உங்களை அழைத்துப் போவார்கள், விரிசலைக் காலண்டருக்குப் பின்னால் மறைத்திருப்பதையும் அந்த வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

பழக இன்றே தொடங்கலாம், பதிவெண் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி நாலு பக்கமும் அளந்து, பத்திரம், பட்டா, தரை மூன்றையும் ஒரே தாளில் சதுர அடியில் எழுதுங்கள். தெருவில் கடைசியாக விற்ற மூன்று மனைகளின் விலையைக் கேட்டு வந்து, ஒவ்வொன்றும் உங்கள் மனையிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அளக்கத் தொடங்கும் முன் வாசலில் நின்று, வடக்கு எது என்று நிழலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.